அப்பத்தில் பூத்த சிவப்பு

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு படிக்கிறாராம். "நற்கருணை அப்பத்திலிருந்து ரத்தம் கசிந்தது என்று சொல்லி யூதர்களை எரித்திருக்கிறார்கள். இது முழுக்கக் கட்டிவிட்ட கதையா, இல்லை கண்ணால் எதையாவது பார்த்தார்களா?" நற்கருணை அப்பம் என்பது கிறிஸ்தவப் பூசையில் கொடுக்கிற மெல்லிய மாவு அப்பம். அதை யூதர்கள் திருடிக் குத்தினார்கள், ரத்தம் வந்தது என்பதுதான் அந்தப் பழி. பல ஊர்களில் இது வெறும் கதைதான். சில ஊர்களில் சிவப்பாக, ஈரமாக, ரத்தத் துளி மாதிரியே ஒன்றை நிஜமாகவே பார்த்திருக்கலாம். அந்தச் சிவப்பு உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்பு வைக்கிற இடத்துக்கு அடியில், இரண்டு நாள் தேய்க்காமல் விட்டால், இளஞ்சிவப்பாக வழவழவென்று ஒன்று படியும். பெரும்பாலும் அதே ஆசாமிதான்.

முதலில் பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். இயேசுவைக் கொன்ற பழியை யூத இனம் முழுவதன்மேலும் சுமத்தும் போதனை பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்தது. 1096ல் முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் எருசலேம் போகிற வழியிலேயே, ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்களில் இருந்த யூதர்களை வெட்டிச் சாய்த்தன. பெரும்பாலான இடங்களில் யூதர்களுக்கு நிலம் கிடையாது, கைவினைச் சங்கங்களில் இடம் கிடையாது. வட்டிக்குக் கொடுப்பது கிறிஸ்தவர்களுக்குப் பாவம் என்று திருச்சபை சொன்னதால், அந்தத் தொழில் பல யூதர்களின் தலையில் வந்து விழுந்தது. கடன் கொடுத்தவனை யாருக்குப் பிடிக்கும்? அரசர்கள் அவர்களைத் தங்கள் உடைமை போலப் பாவித்தார்கள். வரி கறந்தார்கள், பதிலுக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொன்னார்கள். அரசன் பலவீனமான நாளில் அந்தப் பாதுகாப்பும் காணாமல் போனது.

அப்புறம் 1215. ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பூசையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பதைத் திருச்சபையின் உறுதியான கோட்பாடாக அறிவித்தது. யூதர்கள் உடையிலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்ததும் அதே சங்கம்தான். அப்பம் உயிருள்ள உடல் என்றான பிறகு, அதைக் குத்தினால் ரத்தம் வர வேண்டும் இல்லையா? 1290ல் பாரிஸில் ஒரு யூதர் அப்பத்தைக் கத்தியால் குத்தினார் என்று வழக்கு வந்து, அவரை எரித்தார்கள். எட்டு வருடம் கழித்து ஜெர்மனியின் ரோட்டிங்கன் என்ற சிற்றூரில் அதே குற்றச்சாட்டு. ரிண்ட்ஃப்ளைஷ் என்று அழைக்கப்பட்ட ஒருவன் தலைமையில் கிளம்பிய கும்பல் ஊர் ஊராகப் போனது. அந்த வருடம் ஜெர்மனியில் அரசுரிமைக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், தடுக்க ஆள் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் யூதக் குடியிருப்புகள் அழிந்தன. ஆகஸ்ட் 1 அன்று நியூரம்பெர்க்கில் மட்டும் சுமார் 700 பேர்.

சரி, சிவப்புக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

1819, இத்தாலியில் பாதுவா நகருக்குப் பக்கத்தில் லெக்னாரோ கிராமம். ஈரமும் புழுக்கமுமான கோடை. ஒரு விவசாயி வீட்டில் கிண்டி வைத்த மக்காச்சோளக் களியில், போலெண்டா என்பார்கள் அங்கே, மறுநாள் காலையில் ரத்தச் சொட்டுகள். தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிண்டினாலும் மறுபடி சிவப்பு. பேய் வேலை, கடவுளின் தண்டனை என்று ஊரே பேசியது. பார்த்தோலொமேயோ பித்ஸியோ என்ற இளம் மருந்தியலாளர் இதைச் சோதிக்க உட்கார்ந்தார். அவர் செய்தது நம் வீட்டுச் சமையலறையிலேயே செய்யக்கூடிய காரியம். புதிதாகக் கிண்டிய களியை எடுத்து, சிவந்த களியில் துளி தொட்டு அதன்மேல் வைத்து, கதகதப்பான ஈர இடத்தில் விட்டார். ஒரு நாளுக்குள் புதுக் களியும் சிவந்தது. அப்படியென்றால் இது உயிருள்ள ஒன்று, தொட்டால் பரவுகிற ஒன்று. பித்ஸியோ அதைப் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டார், பாக்டீரியா பற்றிய அறிவு அப்போது கிடையாது. தான் மதித்த செராஃபினோ செராத்தி என்ற இத்தாலியரின் நினைவாக செராஷியா என்று பெயர் வைத்தார். அந்த நிறம் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், வாடுகிறது என்று பொருள்படும் மார்செசன்ஸ் என்ற லத்தீன் சொல்லைப் பின்னால் சேர்த்தார். இன்றைக்கும் அதே பெயர்தான்.

செராஷியா மார்செசன்ஸ் மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழும் பாக்டீரியா. மாவுப் பண்டம் ஈரப்பட்டால் அதன்மேல் குடியேறும். காய்ந்த அப்பத்தில் வளராது, ஆனால் குளிர்ந்த கல் கோயிலில், அப்பத்தைப் பாதுகாத்து வைக்கும் பேழைக்குள் நீண்ட நாள் இருந்து ஈரம் ஏறிய அப்பம் அதற்கு விருந்து. அது தயாரிக்கும் நிறமிக்குப் பெயர் புரோடிஜியோசின். இதன் மூலக்கூறில் பைரோல் என்ற ஐந்தணு வளையம் மூன்று இருக்கிறது. நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம் இருக்கிறதே, அதில் அதே பைரோல் வளையம் நான்கு, நடுவில் ஓர் இரும்பு அணு. அதாவது ஒரே வகைச் செங்கல்லில் கட்டிய இரண்டு வீடுகள். இதிலே இரும்பு இல்லை, ஆக்சிஜன் சுமக்கத் தெரியாது, ரத்தத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் கண் ஏமாறும். பாக்டீரியா இந்த மூலக்கூறை ஒரே வீச்சில் செய்வதில்லை. இரண்டு வளையம் கொண்ட துண்டு ஒரு பக்கம், ஒற்றை வளையத் துண்டு இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகத் தயாரித்து, கடைசியில் ஒரு நொதி இரண்டையும் கோர்க்கிறது.

இதைவிட அழகு வெப்பநிலை விஷயம். ஆய்வகத்தில் இதை 37 டிகிரியில், நம் உடல் சூட்டில், வளர்த்தால் திட்டுகள் வெள்ளையாகவே இருக்கும். அதே பாக்டீரியாவை 25, 28 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள், செக்கச்செவேல் என்று ஆகிவிடும். முதல்முறை இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரே உயிரிதான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனித உடலின் சூட்டில் சிவக்க மறுக்கும் ஒன்று, கோடைக்காலத்துக் கோயில் பேழைக்குள் இருக்கும் சூட்டில் சிவக்கிறது. 1990களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஒருவர் பூசைக்குப் பயன்படுத்தும் அப்பங்களிலேயே இதை வளர்த்துக் காட்டினார்.

ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய அப்பம் எதுவும் இப்போது நம் கையில் இல்லை, அதனால் இந்த ஊரில் பார்த்தது செராஷியாதான் என்று எந்த ஒரு சம்பவத்தையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1263ல் இத்தாலியின் பொல்சேனாவில் ஒரு குருவானவர் பூசை செய்தபோது அப்பத்தில் ரத்தம் வந்ததாகச் சொன்னார்கள், அது அற்புதம் ஆனது, பின்னாளில் ரஃபாயேல் அதை வத்திக்கானில் ஓவியமாகவே தீட்டினார். அங்கே எந்த யூதரும் எரிக்கப்படவில்லை. ஆக, சிவப்பு யாரையும் கைகாட்டவில்லை. யாரைக் கைகாட்டுவது என்பது முன்னமே முடிவாகியிருந்த ஊர்களில்தான் கொலை நடந்தது. யோசித்துப் பாருங்கள், அப்பம் கிறிஸ்துவின் உடல் என்று யூதர்கள் நம்பவே இல்லை. நம்பாதவர்கள் ஒரு மாவுத்துண்டைத் திருடிக் குத்த வேண்டிய அவசியம் என்ன? தன் நம்பிக்கையை எதிரியின் மண்டைக்குள் திணித்து, அதை வைத்தே அவன்மேல் குற்றம் சாட்டுவது என்ற இந்த வேலைதான், பாக்டீரியாவைவிட, நாம் உட்கார்ந்து படிக்க வேண்டியது.

அந்தக் காலத்திலேயே சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1338ல் ஆஸ்திரியாவின் புல்காவில் இதே பழி எழுந்தபோது, போப் பன்னிரண்டாம் பெனடிக்ட் விசாரிக்கச் சொல்லி எழுதிய கடிதத்தில் ஒரு பழைய சம்பவத்தைக் குறிப்பிடுகிறார்: வேறோர் ஊரில் குருவானவர் ஒருவர் பூசையில் இன்னும் அர்ச்சிக்கப்படாத வெறும் அப்பத்தில் தானே ரத்தம் தடவியதை ஒப்புக்கொண்டிருக்கிறார். 1510ல் பெர்லினில் இதே பழியைச் சொல்லி 38 யூதர்களை எரித்தார்கள். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன திருடன் சாவதற்கு முன் தன் வாக்குமூலம் பொய் என்று பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, சொல்லியிருந்தான் என்பது 1539ல்தான் வெளியே வந்தது.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. களியில் வந்த சிவப்பை ஆராய்ந்து என்ன பயன் என்று யாராவது பித்ஸியோவைக் கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இப்போது அதே பாக்டீரியா மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளைத் தாக்குகிற கிருமி என்று தெரிகிறது. நூறு வருடத்துக்கும் மேலாக அதை ஆபத்தில்லாதது என்றே நினைத்திருந்தோம்.

கடைசியாக டெக்கன்டோர்ஃப். பவேரியாவில் டான்யூப் கரையில் இருக்கும் ஊர். 1338 இலையுதிர்காலத்தில் ஊரார் தங்கள் யூதர்களைக் கொன்றார்கள். சில நாளில் பவேரியக் கோமகன் அவர்களை மன்னித்து, எடுத்துக்கொண்டதை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார். பிறகு ஒரு கோயில் எழும்பியது, யூதர்கள் அப்பத்தைக் குத்தினார்கள் என்ற கதை பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, வருடா வருடம் யாத்திரை நடந்தது, ஹிட்லர் காலத்துக்குப் பிறகும் நடந்தது. வரலாற்றாய்வு ஒன்று உண்மையைப் பிரித்துப்போட்ட பிறகு, 1992ல்தான் நிறுத்தினார்கள். அந்தக் கோயிலில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் வரிசை இதுதான்: யூதர்களைக் கொன்றார்கள், ஊர் தீப்பிடித்தது, அப்போது இறைவனின் உடல் கிடைத்தது, அதை ஆண்களும் பெண்களும் பார்த்தார்கள், கோயில் கட்டத் தொடங்கினார்கள். யாரும் அப்பத்தைக் குத்தியதாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை.