முதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போடணுமா?

போன் சர்வீஸ் தொழிலுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. புதுப் போன் வாங்கியவர்கள் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் மாறவே இல்லை: "முதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்ல?" போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார். வேண்டாம் ஐயா, அப்படியே பயன்படுத்தலாம் என்றேன். நம்பாமல் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை. அது ஒரு காலத்தில் சரியான யோசனைதான். அதற்கப்புறம் பேட்டரி மாறிவிட்டது.

1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர், நியூயார்க் தெருவில் நின்றபடி முதன்முதலாகக் கைபேசியில் பேசினார். அழைத்தது யாரை? போட்டி நிறுவனமான பெல் லேப்ஸின் ஜோயல் எங்கலை! கையிலிருந்த போன் ஒரு கிலோவுக்கு மேல். 1983-ல் மோட்டோரோலாவின் டைனாடேக் 8000எக்ஸ் என்ற கைபேசி வந்தபோது விலை 3,995 டாலர். பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம்.

அன்றைய போன்களில் நிக்கல்-காட்மியம் பேட்டரி. பாதி சார்ஜ் இருக்கும்போதே அடிக்கடி ஏற்றினால், நாளடைவில் அந்தப் பாதியோடு நின்றுவிடும் குணம் அதற்கு உண்டு. அதனால்தான் முழுக்க இறக்கி முழுக்க ஏற்றச் சொன்னார்கள். அடுத்து வந்த நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடில் இந்தத் தொல்லை குறைவு. நோக்கியா 3310 வாங்கியவர்களுக்குப் பெட்டியோடு கிடைத்தது அதுதான். 2003-ல் வந்த 1100-ல், அதுதான் அந்த டார்ச் லைட் போன், லித்தியம் அயனிக்கு மாறிவிட்டார்கள். லித்தியம் அயனியைச் சோனி 1991-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. அதற்கு அடித்தளம் போட்ட மூவருக்கு நோபல் கிடைத்தது 2019-ல்தான். அவர்களில் குட்எனஃபுக்கு அப்போது வயது 97.

லித்தியத்துக்குப் பழைய வைத்தியம் ஆகாது. தினமும் சுத்தமாக இறக்கிவிட்டு ஏற்றினால் ஆயுள்தான் குறையும். 20-க்குக் கீழே போகாமலும் 80-ஐத் தாண்டாமலும் இருந்தால் அதற்குச் சுகம். சதவீதம் திடீரென்று 30-லிருந்து 5-க்குக் குதித்தால் மட்டும் ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். கணக்குக் காட்டுவது சரியாகலாம். அப்புறம், சூடு. தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும், வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஓடுவதும் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்கும்.

எனக்கு உண்மையில் பயம் உப்பிய பேட்டரிதான். உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேர்வதால் உப்புகிறது. டிஸ்ப்ளே ஓரத்தில் லேசாகத் தூக்கி நிற்கும், பின் கவர் சரியாக மூடாது. சிலர் அழுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருவர் காற்றை இறக்கலாம் என்று ஊசியால் குத்தப் பார்த்ததாகச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது! குத்தினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். உப்பியது தெரிந்தால் சார்ஜ் போடாதீர்கள், போனை அணைத்துச் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

1100-ல் இருந்த அந்த பிஎல்-5சி பேட்டரியை இன்றைக்கும் கேட்டு வருகிறார்கள், எஃப்.எம். ரேடியோவுக்குப் போட. வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர்களும் கேட்பார்கள், எட்டு மணி நேரம் போடணுமா என்று.