அரசியலமைப்பை 126ஆம் உறுப்புரையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இலங்கை அரசியலமைப்புச் சட்டம் தொடக்கத்திலேயே வந்துவிடும். விரிவுரைக் குறிப்புகள் வழமையாக 1931 டொனமூர், 1947 சோல்பரி, 1972, 1978 என்று ஒழுங்காகப் போகும். பிறகு இறைமை, அதிகார வேறாக்கம், சட்டத்தின் ஆட்சி. பரீட்சைக்கு இந்த ஒழுங்கில் பிழையில்லை. ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவிலிருந்து போன ஒரு மாணவர் விடுமுறைக்கு ஊர் திரும்பினால் கேள்விகள் வேறு விதமாக வரும். "தம்பி, வனவளத் திணைக்களம் எங்கட வயலுக்குள்ள எல்லைக்கல் போட்டிட்டுது", "பிள்ளை, அண்ணாவை விசாரணைக்கு எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள், இன்னும் விடேல்ல". இதற்குப் பதில் சொல்ல வேண்டிய மாணவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் திகதியில் நடந்தது?

அந்தக் கேள்வி 126ஆம் உறுப்புரையிலிருந்து பிறக்கிறது. 10 முதல் 14அ வரையான உறுப்புரைகளில் உரிமைகள் இருக்கின்றன. நிறைவேற்று அல்லது நிர்வாக நடவடிக்கையால் அவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது 17. எப்படி, எப்போது போவது என்பதைச் சொல்வது 126. வன்னியில் அடிப்படை உரிமை வழக்குகள் பல தோற்பது உரிமை இல்லாததால் அல்ல. நாள் கடந்ததாலும், பிழையான நீதிமன்றத்துக்குப் போனதாலும்தான் கூடுதலாகத் தோற்கின்றன. ஆகவே இந்த உறுப்புரையை முதலில் படியுங்கள், மற்றவற்றை இதைச் சுற்றி அடுக்குங்கள்.

126(2) தரும் காலம் ஒரு மாதம். பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின்படி மாதம் என்றால் நாட்காட்டி மாதம். ஜூன் 10ஆம் திகதி எல்லைக்கல் நட்டார்கள் என்றால், ஜூலை 9க்குள் மனு பதிவாகியிருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். 'மீறப்பட்டது' மட்டுமன்றி 'மீறப்படவிருக்கிறது' என்ற நிலையிலும் மனுச் செய்ய 126 இடம் கொடுக்கிறது. ஆகவே, கல் நடுவதற்கு முன் அளவையாளர்கள் வந்து போன நாளையும் குறித்து வைப்பது நல்லது.

இந்த ஒரு மாதம் எப்படிக் கரைகிறது என்பதைப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். முதல் வாரம் கிராம அலுவலரிடம் போவார்கள். இரண்டாம் வாரம் பிரதேச செயலாளருக்குக் கடிதம், அதன் பிரதி மாவட்டச் செயலாளருக்கு. மூன்றாம் வாரம் பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திப்பு. "பார்த்துச் சொல்லுறன்" என்ற பதிலோடு நாலாம் வாரமும் போய்விடும். இந்தக் கடிதங்களில் ஒன்றுகூட நாட்கணக்கை நிறுத்தாது. ஆளுநருக்கோ சனாதிபதிக்கோ எழுதினாலும் அப்படித்தான். கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை பின்னர் சான்றாகும். மனுவுக்கான வேலையை அதே நாளில் தொடங்கி, கடிதத்தை அதன் பக்கத்தில் நடத்துங்கள்.

தகவல் அறியும் சட்டத்திலும் இதே பொறி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். தருவதென்று முடிவெடுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவலைத் தரலாம். வார இறுதிகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், ஒரு மாதம் தாண்டிவிடும். விண்ணப்பத்தைப் போடுங்கள், பதில் வரும்வரை மனுவைத் தள்ளி வைக்காதீர்கள். ஒருவரின் உயிரோடோ ஆட்சுதந்திரத்தோடோ தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள் தர வேண்டும். கைதானவர் பற்றிக் கேட்கும்போது விண்ணப்பத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

நாட்கணக்கை உண்மையில் நிறுத்தக்கூடியது மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருப்பதால் இது வன்னி மக்களுக்குக் கைக்கெட்டிய வழி. ஆனால் பலர் வழுக்குவதும் இங்கேதான். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டை மட்டும் மனுவோடு இணைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முறைப்பாடு கொடுத்ததை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை நிலுவையில் இருப்பதையும் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்புக்கு ஆணைக்குழு அனுப்பிய கடிதம், விசாரணைத் திகதி அறிவித்தல், ஆணைக்குழுவிடமே கேட்டு வாங்கிய உறுதிக்கடிதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கோவையில் இருக்கட்டும்.

காலம் கடந்த மனு எல்லாமே செத்துவிட்டதென்று எழுதினாலும் பரீட்சையில் புள்ளி குறையும். எதிரிசூரிய எதிர் நவரத்தினம் வழக்கில் (1985) ஒரு மாத எல்லை கட்டாயமானது என்ற நீதிமன்றம், மனுதாரர் பக்கம் தவறோ தாமதமோ இல்லாத பொருத்தமான வழக்குகளில் விலக்கு உண்டு என்றும் சொன்னது. நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில் (1989) தடுத்து வைக்கப்பட்டவருக்கு, தடையிலிருந்து விடுபட்ட நேரம் முதலே மாதம் எண்ணப்படும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். விலக்கை நம்பி இருப்பது வேறு, விலக்கைக் கேட்டு வாதாடுவது வேறு.

கைது விடயத்தில் இன்னொரு தடங்கல் உண்டு. 126(2) மனுவைப் பாதிக்கப்பட்டவர் தானாகவோ, அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ தாக்கல் செய்யலாம் என்கிறது. மகன் தடுப்பில் இருக்க, தாய் தன் பெயரில் மனுவைப் போட்டால் முதலாவது ஆட்சேபனை அதிலேயே எழும். தாயின் சத்தியக்கடதாசி சான்றாகப் போகட்டும், மனு மகன் சார்பில் சட்டத்தரணி வழியாகப் போகட்டும். தடுப்பில் இருந்தவர் இறந்துபோனால் நிலைமை வேறு. ஸ்ரீயானி சில்வா எதிர் இத்தமல்கொட வழக்கு (2003) இறந்தவரின் மனைவி வழக்கை நடத்த வழி திறந்தது. உயிர்வாழும் உரிமையை 13(4)இலிருந்து வாசித்தெடுத்ததும் அதே வழக்குத்தான்.

மனுவில் இருக்க வேண்டியவை 1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளில், 44ஆம் விதியில் இருக்கின்றன. சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மீறிய நடவடிக்கை எது, உறுப்புரை எது, கேட்கும் நிவாரணம் என்ன என்பன வர வேண்டும். சட்டமா அதிபரைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். மனு கொழும்பில் உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்குப் போவதால் தமிழ் ஆவணங்களை மொழிபெயர்க்க நாள் வேண்டும் என்பதைக் கணக்கில் விடுபவர்கள் பலர். காணி அனுமதிப்பத்திரம், கடிதங்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போய் வர ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். வசதியில்லாதவரின் எழுத்து முறைப்பாட்டையே மனுவாக ஏற்கும் இடமும் 44ஆம் விதியில் உண்டு. அதைப் பாடத்திலும் யாரும் அதிகம் சொல்வதில்லை, ஊரிலும் யாருக்கும் தெரிவதில்லை. தாக்கல் செய்ததும் வழக்கு விளக்கத்துக்குப் போய்விடாது. குறைந்தது இரண்டு நீதியரசர்கள் தொடர்வதற்கு அனுமதி தர வேண்டும்.

எல்லா அநீதியும் 126க்குள் வராது. பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டது, நுண்கடன் கம்பனி வீட்டுக்கு வந்து மிரட்டியது போன்றவை நிறைவேற்று நடவடிக்கை அல்ல. ஆனால் அந்த மிரட்டலைப் பற்றிய முறைப்பாட்டைப் பொலிஸ் எடுக்க மறுத்தால், அந்த மறுப்பு சமத்துவ உரிமையைச் சொல்லும் 12(1)க்குள் வரக்கூடும். மாணவர்கள் பயிற்சி செய்ய வேண்டியது இந்தப் பிரிகோட்டைத்தான்.

அடுத்தது எந்த நீதிமன்றம் என்பது. அடிப்படை உரிமை மனு கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. ஆட்கொணர்வு மனு அப்படியல்ல. 13ஆம் திருத்தம் கொண்டுவந்த உறுப்புரைகளின் நீண்ட வரிசையில், மாகாண மேல் நீதிமன்றம் பற்றிய உறுப்புரையின் (ஆங்கிலப் பதிப்பில் 154P) 4ஆம் பந்தியைத் தேடி எடுத்து வாசியுங்கள். மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவருக்காக அங்கேயே ஆட்கொணர்வு எழுத்தாணை கேட்கலாம். இதற்கு ஒரு மாத எல்லை கிடையாது. 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய முடிந்தது இதனால்தான். விசாரணை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் நடந்தது. அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் 126இன் கீழ் போயிருந்தால் முதல் கேள்வியே நாள் பற்றியதாக இருந்திருக்கும். ஒரே சம்பவம், இரண்டு உறுப்புரைகள், இரண்டு விதமான வாசல். இதைவிடப் பொருத்தமான பாட உதாரணம் கிடைப்பது கடினம்.

காணியில் இதே உறுப்புரை ஏமாற்றும். மாகாணப் பட்டியலில் காணி இருக்கிறதே என்று, அரச காணி வெளியேற்றல் அறிவித்தலை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று பலர் எழுதுகிறார்கள். சோலைமுத்து ராசு எதிர் ஸ்ராஃபோர்ட் தோட்ட அத்தியட்சகர் வழக்கில் (2013 செப்டெம்பர் 26) உயர் நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் அறிவித்தலுக்கு எழுத்தாணை கேட்க வேண்டிய இடம் மேன்முறையீட்டு நீதிமன்றம். நீதவான் நீதிமன்றத்தில் காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து அதிகாரமோ மட்டும்தான். மூன்று தலைமுறை இருந்த காணி என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகவே இடப்பெயர்வில் தொலைந்த பெர்மிட்டின் பிரதியை, அறிவித்தல் வருவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வர்த்தமானியையும் பார்க்கச் சொல்லுங்கள். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்க் காணிகளும் அதில் அடங்கின. ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. யாராவது வாசித்து, நாள் முடியுமுன் போனதால் வந்த தடை அது.

இந்தியக் காணொளிகளைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே நீதிமன்றம் ஒரு சட்டத்தையே வெற்றாக்கலாம். எங்கள் அரசியலமைப்பில் 80(3)இன்படி சபாநாயகர் சான்றுரைத்த பிறகு சட்டத்தின் வலிதை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. 1978க்கு முந்திய சட்டங்களை 16ஆம் உறுப்புரை காக்கிறது. 'பயங்கரவாதத் தடைச் சட்டம், கைது பற்றிய 13ஆம் உறுப்புரையை மீறுவதால் செல்லாது' என்று விடை எழுதினால் பிழை. அந்தச் சட்டம் தராத அதிகாரத்தை அலுவலர் எடுத்தாரா, காரணம் சொல்லிக் கைதுசெய்தாரா, 2022 திருத்தம் 12 மாதமாகக் குறைத்த தடுப்பு எல்லை தாண்டியதா என்று நடவடிக்கையைத் தாக்குங்கள். 11ஆம் உறுப்புரைக்கு எந்த மட்டுப்பாடும் இல்லை. சித்திரவதை நடந்திருந்தால், கைது எந்தச் சட்டத்தில் நடந்தாலும், அதைத் தனியாக எழுத வேண்டும்.

பழைய குறிப்பில் படிப்பதும் ஆபத்து. 2018 டிசெம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் தீர்த்த சம்பந்தன் வழக்கு, நாலரை ஆண்டுக்கு முன் சனாதிபதி தன்னிச்சையாகப் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்றது. தீர்ப்பின் தர்க்கம் இன்றும் படிக்க வேண்டியது. ஆனால் 20ஆம் திருத்தத்தோடு அந்தக் காலம் இரண்டரை ஆண்டாகிவிட்டது, 21ஆம் திருத்தமும் அதை மாற்றவில்லை. '22ஆம் திருத்தம்' என்று சட்டமூலமாகப் பேசப்பட்டதே 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தமாக நிறைவேறியது. இதையும் பலர் குழப்புகிறார்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழில் உள்ள அரசியலமைப்பை எடுத்து, எந்தத் திருத்தம் வரை சேர்த்தது என்று முகப்பில் பார்த்த பிறகே கோடிடுங்கள்.

'சமஷ்டி' என்ற சொல்லைப் பரீட்சைத் தாளில் எழுதவே வன்னிப் பிள்ளைகள் சிலர் தயங்குகிறார்கள். பிரிவினை கோருவதைத் தடைசெய்யும் 6ஆம் திருத்தத்தின் 157அ உறுப்புரை பற்றிய அச்சம் அது. சந்திரசோம எதிர் சேனாதிராஜா தீர்ப்பை (2017 ஓகஸ்ட் 4) வாசியுங்கள். சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று உயர் நீதிமன்றமே தீர்த்திருக்கிறது.

மொழி உரிமையும் 126க்குள் வருகிறது. 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் பொதுப் பதிவேடுகள் தமிழில் இருக்க வேண்டும். 24இன்படி வன்னி நீதிமன்றங்களின் மொழியும் தமிழ்தான். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளக்காமல் கையெழுத்துக் கேட்டால், தமிழில் எழுதும்படி கேட்கலாம். மறுத்தால் அந்த அலுவலரின் இலக்கம், திகதி, நேரம் மூன்றையும் வெளியே வந்தவுடன் எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாடு செய்யும்போது கைது ஒரு பந்தி, மொழி இன்னொரு பந்தி என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.