குறைமாவு உணவுக்குத் திரும்பினால் மறுபடியும் அதே பலன் கிடைக்குமா?

சோறு, இட்லி, சப்பாத்தி, சர்க்கரை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, முட்டை, மீன், இறைச்சி, பன்னீர், கீரை, தேங்காய் ஆகியவற்றைக் கொண்டு வயிற்றை நிரப்பும் குறைமாவு உணவுமுறை, பேலியோ, கீட்டோ என்ற பெயர்களில் தமிழ்நாட்டில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. அதைக் கடைப்பிடித்து எடையைக் குறைத்து, பிறகு ஏதோ ஒரு கல்யாண சீசனில் கைவிட்டு, ஓரிரு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறவர்களில் பலர் ஒரே புகாரைச் சொல்வதுண்டு. முதல் தடவை ஒரே மாதத்தில் ஐந்தாறு கிலோ மளமளவென இறங்கியது, இப்போது இரண்டு கிலோ இறங்குவதற்கே பெரும்பாடாக இருக்கிறது என்பதுதான் அது. 'உடம்பு பழகிடுச்சு' என்று அதற்கு அவர்களே ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கம் பெரும்பாலும் தவறு என்றே நான் நினைக்கிறேன். உடலின் வேதியியல் இரண்டாம் முறையும் அப்படியேதான் இயங்குகிறது. மாறியிருப்பவை, அந்த வேதியியல் வேலை செய்யும் உடலும் அதற்குள் போகும் தட்டும்.

முதலில், அந்த முதல் மாத எண்ணிக்கையைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னுடன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் சுருக்கியதும் இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி சில நாட்களில் கரைகிறது, அதோடு இருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. இதுமட்டுமன்று. இரத்தத்தில் இன்சுலின் குறையும்போது சிறுநீரகங்கள் உப்பைப் பிடித்து வைப்பதைத் தளர்த்திவிடுகின்றன, உப்புடன் இன்னும் கொஞ்சம் நீர் போகிறது. முதல் வாரத்தில் வரும் தலைவலி, களைப்பு, எழுந்தால் கிறுகிறுப்பு ஆகியவற்றுக்கும் இந்த உப்பிழப்பே பெரிய காரணம். ஆக, முதல் பத்து நாட்களில் தராசு காட்டும் இறக்கத்தில் இரண்டு மூன்று கிலோ வெறும் தண்ணீராக இருக்கலாம்.

திரும்பி வருகிறவர் இந்தத் தண்ணீர்ப் பரிசைப் பல சமயம் முழுதாகப் பெறுவதில்லை. அவர் உணவுமுறையை விட்டதாகச் சொன்னாலும் முழுமையாக விட்டிருக்க மாட்டார். காலையில் முட்டை, மதியம் அளவாகச் சோறு, இரவு மட்டும் தோசை என்று ஏற்கெனவே அரைகுறைக் குறைமாவில் இருந்திருப்பார். அவருடைய கிளைகோஜன் தொட்டி முதல் முறை இருந்த அளவுக்குத் ததும்பி நிற்காது, எனவே வடிவதற்கும் குறைவாகவே இருக்கும். இதற்கு நேர்மாறான தோற்றமும் உண்டு. ஒரு வாரம் விருந்து சாப்பிட்டு இரண்டரை கிலோ ஏறியவர், உணவுமுறைக்குத் திரும்பிய நான்காம் நாளே இரண்டு கிலோ இறங்கியதாக மகிழ்வார். இரு சமயங்களிலும் கொழுப்பு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனி வேதியியலுக்கு வருவோம். கிளைகோஜன் வற்றி, இன்சுலின் தாழ்ந்ததும், கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் இரத்தத்துக்குள் வருகின்றன. கல்லீரல் அவற்றைப் பகுதியாக எரித்துக் கீட்டோன்களாக மாற்றி, மூளைக்கும் தசைக்கும் எரிபொருளாக அனுப்புகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கீட்டோசிஸ் நிலை இரண்டு முதல் நான்கு நாட்களில் தொடங்கிவிடுகிறது. இரத்தத்தில் கீட்டோன் அளவு லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டுவதை அதன் அடையாளமாகக் கொள்கிறார்கள். இதற்குத் தேவையான நொதிகளைக் கல்லீரல், உண்ணாநிலையின்போதும் மாவுச்சத்து குறையும்போதும் அதிகமாக உற்பத்தி செய்து கொள்கிறது. இது ஒருமுறை பயன்படுத்தியதும் தேய்ந்துபோகும் ஆற்றல் அன்று. இரவு முழுவதும் சாப்பிடாமல் தூங்கி எழும் ஒவ்வொருவரின் கல்லீரலும் சிறிய அளவில் தினமும் செய்கிற வேலைதான் இது. 1921-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த கீட்டோ உணவு இன்றும் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. 'பழகிப்போய்' கல்லீரல் கீட்டோன் தயாரிப்பதை நிறுத்திவிடுமானால் அந்தச் சிகிச்சையே சாத்தியமில்லை.

அப்படியானால் எடை இறங்குவது மட்டும் ஏன் மந்தமாகிறது? விடையின் பெரும்பகுதி வெறும் கணக்கு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாக அளந்து காட்டியது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு மருந்தை ஓராண்டு எடுத்துக்கொண்ட நீரிழிவு நோயாளிகளை அவர்கள் கவனித்தார்கள். கலோரி தம்மிடமிருந்து ஒழுகிப்போவதை நோயாளிகள் உணரவில்லை, எந்த உணவுக் கட்டுப்பாட்டிலும் அவர்கள் இல்லை. ஆகையால் உடல் தானாகவே எப்படி ஈடுகட்டுகிறது என்பதைக் கலப்பின்றிப் பார்க்க முடிந்தது. எடை ஒரு கிலோ குறையும்போது உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. ஆனால் பசியோ, ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. பத்து கிலோ இறங்கியவரின் உடல் நாளொன்றுக்கு 250 கலோரி அளவுக்குச் சிக்கனமாகிறது, கூடவே 1000 கலோரி அளவுக்கு அதிகமாகக் கேட்கிறது. வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிட்டதே என்று புலம்புகிறோம். உண்மையில் நம்மைத் தோற்கடிப்பது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பலமுள்ள பசி.

நூறு கிலோவில் தொடங்கிய ஒருவர் எண்பத்திரண்டுக்கு வந்து, பிறகு கைவிட்டு, தொண்ணூறில் மீண்டும் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை தொடங்கியபோது இருந்த உடலைவிட இப்போதைய உடல் பத்து கிலோ இலகுவானது, அதனால் அன்றாடச் செலவும் குறைவு. அதே தட்டை அதே அளவில் சாப்பிட்டாலும் பற்றாக்குறை சிறிதாகவே இருக்கும். நூறிலிருந்து தொண்ணூறுக்கு வந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டு தொண்ணூறிலிருந்து எண்பத்திரண்டுக்குப் போகும் வேகத்தை அவர் அளக்கிறார். அந்த இரண்டாவது பகுதி முதல் முறையும் மெதுவாகத்தான் நடந்தது என்பது அவருக்கு மறந்திருக்கும்.

இந்த இடத்தில் தசையைப் பற்றிய ஒரு வாதம் ஜிம்களில் அடிக்கடி காதில் விழும்: எடை இறங்கும்போது தசையும் போகிறது, ஏறும்போது கொழுப்பு மட்டும் வருகிறது, ஆகவே திரும்பி வருகிறவரின் உடல் கெட்டுவிட்டது என்பது அது. இதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, மறுபடி சாப்பிடத் தொடங்கியவர்களிடம் கொழுப்பு முந்திக்கொண்டு திரும்பியது, தசை பின்தங்கியது. ஆனால் அவர்கள் பருமனானவர்கள் அல்லர், இயல்பான எடையிலிருந்து மெலிய வைக்கப்பட்ட இளைஞர்கள். மேலும் ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 13 கலோரி, ஒரு கிலோ கொழுப்பு நான்கு அல்லது ஐந்து கலோரி. இரண்டு கிலோ தசைக்குப் பதிலாக இரண்டு கிலோ கொழுப்பு வந்தால் இழப்பு இருபது கலோரிகூட இல்லை. ஒரு வாய் காப்பிக்குச் சமம். தசையைக் காப்பாற்ற வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு, இந்தக் கணக்கு அவற்றில் ஒன்றன்று.

ஏறி இறங்கும் எடையைப் பற்றிய அச்சத்துக்குப் பெரிய வித்து 1986-இல் கெல்லி பிரவுனலும் சக ஆய்வாளர்களும் எலிகளில் செய்த ஆய்வு. பருமனாக்கி, மெலியவைத்து, மறுபடி பருமனாக்கி, மறுபடி மெலியவைத்தபோது, இரண்டாம் சுற்றில் எலிகள் பாதி வேகத்திலேயே மெலிந்தன, மூன்று மடங்கு வேகத்தில் பருத்தன. 'யோயோ டயட்' என்ற பேச்சு பரவலானது அக்காலத்தில்தான். மனிதர்களிடம் அந்த முடிவு அதே வடிவில் கிடைக்கவில்லை. 1994-இல் அமெரிக்காவின் தேசிய வல்லுநர் குழு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எடை ஏறி இறங்குவது பின்னாளைய முயற்சிகளைக் கெடுக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. சியாட்டிலில் மாதவிடாய் நின்ற 439 பெண்களை ஓராண்டு உணவுத் திட்டத்திலும் உடற்பயிற்சித் திட்டத்திலும் வைத்துப் பார்த்த ஆய்வும் அப்படித்தான். பலமுறை எடை குறைத்து மீண்டும் ஏற்றிய வரலாறு உள்ளவர்கள் தொடக்கத்தில் அதிக எடையோடு வந்தார்கள், ஆனால் மற்றவர்கள் இழந்த அளவுக்கு அவர்களும் எடை இழந்தார்கள்.

உடல் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்று இதற்குப் பொருளாகாது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் 2008-இல் காட்டியதுபோல, வளர்ந்தவர் உடலில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாதது. எடை குறையும்போது அவை சுருங்குகின்றன, மறைவதில்லை. அவற்றில் ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. 2024 நவம்பரில் சூரிச்சிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: பருமனாயிருந்து மெலிந்த எலிகளின் கொழுப்புச் செல்களில், எந்த மரபணுக்கள் திறந்திருக்க வேண்டும், எவை மூடியிருக்க வேண்டும் என்று குறிக்கும் அடையாளங்கள் பருமன் காலத்தினவாகவே நீடித்தன. கொழுப்பு மிகுந்த தீனியைக் கண்டதும் அந்த எலிகள் மற்றவற்றைவிட வேகமாகப் பருத்தன. எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனிதர்களின் கொழுப்புத் திசுவிலும் பழைய நிலையின் தடயங்கள் மிஞ்சியிருந்தன. கவனித்தால், இந்த நினைவு மீண்டும் மெலிவதைத் தடுப்பதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. உணவுமுறையை விட்ட பிறகு எடை ஏறும் வேகத்தைத்தான் அது விளக்குகிறது.

தட்டுக்கு வருவோம், என் கணிப்பில், இரண்டாம் முறையின் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முதல் முறை தொடங்குகிறவருக்கு எதைச் சாப்பிடலாம் என்று தெரியாது. பயந்து பயந்து முட்டையும் கோழியும் கீரையுமாக ஓட்டுவார். தெரிவு சுருங்கியதாலேயே கலோரியும் சுருங்கும். திரும்பி வரும்போது அவர் கைதேர்ந்தவர். பாதாம் மாவு தோசை, சீஸ் சேர்த்த காலிஃபிளவர், தேங்காய்ப்பால் காப்பி, செயற்கை இனிப்பூட்டிய கேக் என எல்லாம் தெரிந்திருக்கும். பலருக்குக் காலை உணவாக இருக்கும் அந்த நூறு பாதாமை எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுத்துப் பார்த்தால் 120 கிராம் அளவில் வரும், கலோரி ஏறத்தாழ 700. காலை உணவே அதுதான் என்றால் குறையில்லை. அதற்குமேல் இரண்டு முட்டை ஆம்லெட்டும் வெண்ணெய்க் காப்பியும் சேர்ந்தால், மாவுச்சத்து வரம்புக்குள் இருக்கும், எடையும் அசையாமல் இருக்கும்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. மெல்பர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 39 பேரை எட்டு வாரம் மிகக் குறைந்த கலோரியில் கீட்டோசிஸ் நிலையில் வைத்திருந்தபோது, எடை குறைந்தால் வழக்கமாக ஏறும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறாமல் அடங்கியிருந்தது; மாவுச்சத்து திரும்பியதும் அது மேலெழுந்தது. நாளொன்றுக்கு 30 கிராம் மாவுச்சத்தில் இருந்தவர், திரும்பி வரும்போது 'கொஞ்சம் சோறு பரவாயில்லை' என்று 100 கிராமில் நின்றால், பசியை அடக்கும் கீட்டோன் இருக்காது, நெய்யும் பாதாமும் மட்டும் பழைய அளவில் தொடரும். குறைமாவின் தொல்லையைச் சுமந்துகொண்டு அதன் சலுகையை இழக்கும் நிலை இது.

நீரிழிவுக்காகத் திரும்பி வருகிறவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. சர்க்கரை குறைவது முதல் வாரத்திலேயே தெரியும், ஏனெனில் உள்ளே போகும் மாவுச்சத்தே குறைந்துவிடுகிறது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள் தளர்ந்திருக்கக்கூடும். முன்பு மாத்திரையே தேவைப்படாத அளவுக்கு இறங்கிய சர்க்கரை, இம்முறை பாதி வழியில் நின்றுவிடுவது இதனால்தான். மாத்திரைப் பையும் மாறியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின் மருந்தின் காப்புரிமை 2020-இல் இந்தியாவில் முடிந்து விலை சரிந்தபின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் இவ்வகை மாத்திரை பரவலாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை பெரிதாக உயராமலேயே கீட்டோன் அபாய அளவுக்கு ஏறி இரத்தம் அமிலமாகும் நிலை உண்டாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். இரத்த அழுத்த மாத்திரையோடு உப்பிழப்பும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். முதல் முறை தொடங்கியபோது மருத்துவர் எழுதித் தந்த சீட்டு இப்போது செல்லாது. மாத்திரை அளவுகளை மாற்றியமைப்பது, சோற்றை நிறுத்தும் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.