சைக்கடெலிக்: உளங்காட்டி

எல்எஸ்டி, சைலோசைபின், மெஸ்கலின், டிஎம்டி ஆகியவற்றையும் அவற்றை ஒத்த பிற பொருள்களையும் சேர்த்துக் குறிக்கும் வகைப்பெயர் சைக்கடெலிக். இப்பொருள்கள் மூளை நரம்பணுக்களில் உள்ள 5-எச்டி2ஏ என்னும் ஏற்பியில் (செரட்டோனின் என்னும் நரம்புச் செய்திப்பொருள் வந்து பொருந்தும் இடத்தில்) பொருந்தி, சில மணி நேரத்துக்குப் புலனுணர்வையும் காலவுணர்வையும் ‘நான்’ என்னும் தன்னுணர்வையும் மாற்றிவிடுகின்றன. மனச்சோர்வு நோய்க்கு இவை மருந்தாகுமா என்னும் ஆய்வு வலுப்பெற்றிருக்கும் இக்காலத்தில், ‘போதைப்பொருள் சிகிச்சை’ என்று தமிழில் எழுதப்படும் செய்தி வாசகரின் மனத்தில் வேறு எதையோ தோற்றுவிக்கிறது. ஆகவே பொருத்தமான தமிழ்ச்சொல் தேடுமுன், சைக்கடெலிக் என்னும் சொல்லின் பொருளை அதன் பிறப்பிலிருந்தே பார்ப்பது நல்லது.

இச்சொல்லை ஆக்கியவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் ஆங்கிலேய மனநோய் மருத்துவர். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில், வெய்பர்ன் நகரத்து மனநல மருத்துவமனையில் அவர் 1950களில் பணியாற்றினார். இவ்வகைப் பொருள்களுக்கு அப்போது மருத்துவ உலகம் வழங்கிய பெயர் ‘சைக்கோடோமிமெடிக்’, அதாவது சித்தப்பிரமையைப் போலச் செய்வது. மருத்துவர் தாமே இதனை உட்கொண்டால் தம் நோயாளியின் நிலையைச் சில மணி நேரம் உள்ளிருந்து அறியலாம் என்பது அப்பெயருக்குப் பின்னால் இருந்த எண்ணம். ஆஸ்மண்டும் அந்த எண்ணத்தோடுதான் ஆய்வில் இறங்கினார். ஆனால், குடிநோயிலிருந்து மீள முடியாதவர்களுக்கு எல்எஸ்டி கொடுத்துப் பார்த்த அனுபவமும், பிறர் கூறிய அனுபவங்களும், அதைப் பித்தின் போலி என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்று அவருக்கு உணர்த்தின.

புதிய பெயர் தேடி, 1956ஆம் ஆண்டில் அவரும் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் கடிதம் எழுதிக்கொண்டனர். 1953ஆம் ஆண்டில் ஹக்ஸ்லிக்கு மெஸ்கலின் கொடுத்தவர் ஆஸ்மண்டே. ஹக்ஸ்லி முன்வைத்த ‘பெனரோதைம்’ என்னும் சொல்லுக்கும் ஆஸ்மண்ட் முன்வைத்த ‘சைக்கடெலிக்’ என்னும் சொல்லுக்கும் வேர்ப்பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். இருவரும் தத்தம் சொல்லை ஈரடிச் செய்யுளில் வைத்தே பரிந்துரைத்தனர். சொல்வதற்கு எளிதானது வென்றது. கிரேக்க மொழியில் ‘ப்சுகே’ என்பது உயிர், உள்ளம். ‘தேலுன்’ என்பது தெரியக் காட்டுதல். இரண்டும் சேர, உள்ளத்தைத் தெரியக் காட்டுவது என்பது சொற்பொருள். 1957ஆம் ஆண்டில் இச்சொல் ஆய்வுலகில் இடம்பெற்றது. (இந்தக் குடும்பத்துப் பெயர்கள் எல்லாமே இவ்வளவு கம்பீரமானவை அல்ல: சைலோசைபின் என்பது சிலோசைபி என்னும் காளான் இனத்தின் பெயரிலிருந்து வந்தது, அதன் கிரேக்கப் பொருள் ‘மொட்டைத்தலை’.)

அடுத்த பத்தாண்டில் சொல் மருத்துவமனையை விட்டு வெளியேறியது. கண்ணைப் பறிக்கும் வண்ணங்களுக்கும் ஒருவகை இசைக்கும் உடைக்கும் அது அடைமொழியாயிற்று. 1970ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் இப்பொருள்களைக் கடுங்கட்டுப்பாட்டில் வைத்த பின், ஆய்வோடு சொல்லின் மதிப்பும் சரிந்தது. 1979ஆம் ஆண்டில் சில அறிஞர்கள், உள்ளே தெய்வத்தைத் தோற்றுவிப்பது என்னும் பொருளில் ‘என்தியோஜென்’ என்ற மாற்றுச்சொல்லை ஆக்கினர். சடங்குகளில் உட்கொள்ளப்படும் செடிகளுக்கு அது பொருந்தும், மருந்தகத்துக்குப் பொருந்தாது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிபித்ஸ் குழுவினர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஆய்வின் மறுவருகையைத் தொடங்கிவைத்ததாகக் கருதப்படும் கட்டுரையின் தலைப்பில் சைலோசைபின் உண்டு, சைக்கடெலிக் இல்லை. 2019ஆம் ஆண்டிலோ அதே பல்கலைக்கழகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் தொடங்கிய ஆய்வு மையங்கள் அச்சொல்லைத் தம் பெயரிலேயே ஏற்றுக்கொண்டன. இடைப்பட்ட காலத்தில், 2016ஆம் ஆண்டில், புற்றுநோயாளிகளின் மனச்சோர்வும் பதற்றமும் சைலோசைபினால் தணிந்ததை இரண்டு ஆய்வுகள் காட்டியிருந்தன. 2022ஆம் ஆண்டில் வெளியான, 233 பேர் பங்கேற்ற ஆய்வில், பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு, சைலோசைபின் 25 மில்லிகிராம் அளவில் ஒரு மில்லிகிராம் அளவைவிட மூன்று வாரத்தில் அதிகம் குறைந்தது. 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில், அதிகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட நோய்களுக்கு சைலோசைபினையும், ‘எக்ஸ்டசி’ என்று பரவலாக அறியப்படும் எம்டிஎம்ஏவையும் பரிந்துரைக்கலாம்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. எம்டிஎம்ஏவும் கெட்டமினும் இப்போது இச்சொல்லின் கீழ் சேர்த்துப் பேசப்பட்டாலும், அவை செயல்படும் வழி வேறு. கெட்டமின் மயக்க மருந்தாகப் பிறந்தது. சொல்லைத் தளர்த்தினால் ஒன்றின் ஆய்வுமுடிவு மற்றொன்றின் கணக்கில் ஏறிவிடும். 2024ஆம் ஆண்டில் எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தரவில்லை. தமக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்பதைப் பங்கேற்பாளர் எளிதில் உணர்ந்துவிடுவது எழுப்பப்பட்ட ஐயங்களுள் ஒன்று. அந்த ஐயம் மட்டும் சைலோசைபினுக்கும் பொதுவானது.

இனித் தமிழ்ச்சொல். முன்பு ‘லாகிரி வஸ்து’ என்றதை இன்று போதைப்பொருள் என்கிறோம். கொடைக்கானல் செய்திகளில் வரும் ‘போதைக் காளான்’ இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் மது, அபின், கஞ்சா எல்லாவற்றையும் அச்சொல் ஒரே கூடையில் போடுகிறது. அபினைப் போல உடலை அடிமையாக்கும் தன்மை சைலோசைபினுக்கு இல்லை என்னும் வேறுபாடு அதில் மறைந்துபோகிறது. மாயத்தோற்ற மருந்து என்பது ‘ஹாலுசினோஜென்’ என்பதற்குச் சரி; எனினும், இவற்றை உட்கொள்வோர் பலருக்கு இல்லாத பொருள் தோன்றுவதைவிட உள்ள பொருள் வேறாகத் தெரிவதே மிகுதி. உளமயக்கி என்பது கிரேக்கச் சொல் கூறுவதற்கு நேர்மாறானது. தெளியக் காட்டுவதை மயக்குவது என்று பெயர்க்கிறது.

என் பரிந்துரை உளங்காட்டி. மரம், கொத்தி என்பவை மரங்கொத்தி ஆவதுபோல, உளம், காட்டி என்பவை உளங்காட்டி ஆகும். திசைகாட்டி, நாட்காட்டி, வழிகாட்டி என்று ‘காட்டி’ ஈறு தமிழில் நன்கு பழகியது. உளவியல் என்னும் துறைப்பெயரோடும் இது இசைகிறது. உள்ளத்தைக் காட்டுகிறது என்பது மெய்ப்பிக்கப்படாத கூற்று அன்றோ என்று கேட்கலாம். மெய்தான், ஆனால் அந்தக் கூற்று மூலச்சொல்லிலேயே இருக்கிறது, மொழிபெயர்ப்பு அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மனப்பிளவு நோய் உள்ள குடும்பத்தினரை ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்பதையும் பெயர் சொல்லாது. அதைக் கட்டுரைதான் சொல்ல வேண்டும்.

கட்டுரையில் முதன்முறை ‘சைக்கடெலிக் எனப்படும் உளங்காட்டிப் பொருள்கள்’ என்றும், பின்னர் உளங்காட்டிகள் என்றும் எழுதலாம். உளச்சிகிச்சையோடு சேர்த்துத் தரப்படும்போது ‘உளங்காட்டித் துணையுடன் கூடிய உளச்சிகிச்சை’ எனலாம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் கைது, பறிமுதல் பற்றிய செய்திகளில் போதைப்பொருள் என்பதே இருக்கட்டும். அங்கே பேசப்படுவது சட்டம், மருந்தியல் அன்று.