மெஸ்ஸைப் பேரன் கையில் கொடுக்கும் முன்

ஈரோட்டில் ஆடிட்டராக இருக்கும் என்னிடம், அப்பாரு, அதாவது தாத்தா, நடத்திய மெஸ்ஸை மறுபடி எடுத்து நடத்தப்போவதாகச் சொல்லி வரும் பேரன்களும் பேத்திகளும் பெரும்பாலும் புதுப் பெயர்ப்பலகையின் படத்தோடுதான் வருகிறார்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

சென்ற ஆண்டு வந்த ஒரு குடும்பத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் கடை. பள்ளிபாளையம் சிக்கனுக்காகவே ஆள் வரும். பெரியவர் காலமாகி ஏழு மாதங்கள் ஆகியும், பேரன் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தார். "கடையும் அதேதானுங்க, பேரும் அதேதானுங்க சார்" என்றார். தனி உரிமையாளரின் பதிவு அவருடைய பான் எண்ணைச் சார்ந்தது என்பதால், வாரிசு தன் பெயரில் புதிதாகப் பதிந்துகொண்டு பழையதை ரத்து செய்ய வேண்டும். தொழிலைத் தொடர்பவருக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி பழைய வரிபாக்கியும் வந்துசேரும். உணவுப் பாதுகாப்பு உரிமமோ, அதன் காலம் இடையில் முடியாதிருந்தால், இறந்த நாளிலிருந்து 90 நாட்கள் வரை வாரிசுகளுக்குச் செல்லுபடியாகும். அதற்குமேல் அதிகாரி அனுமதித்தால்தான் உண்டு. இவற்றைச் சரிசெய்யவே எங்களுக்கு இரண்டு மாதங்கள் போயின. கூட்டு நிறுவனமாக இருந்தாலும் நிம்மதி இல்லை: பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பங்குதாரரின் மறைவோடு நிறுவனம் கலைந்துவிடும்.

"கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கடையில் என்ன பங்கு?" என்று இன்றும் கேட்கிறார்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்பது 1956இலிருந்தே சட்டம். இதைப் பேசாமல் மூடி வைக்கும் வீடுகளில்தான், கடை சூடுபிடித்த பிறகு வழக்கு வருகிறது. குடும்ப உணவகங்களுக்குப் பேர்போன இத்தாலியில், தொழிலை நடத்தப்போகும் பிள்ளைக்கு உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே அதைக் கொடுத்து, மற்ற வாரிசுகளின் பங்கை ஈடுகட்டும் 'குடும்ப ஒப்பந்த'த்தை 2006இல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இங்கே அப்படித் தனிச்சட்டம் இல்லை. உயிலும் முறையான பத்திரமும்தான் நமக்குத் துணை.

அந்தப் பேரனுக்கு இன்னொரு குறையும் இருந்தது. புது மாஸ்டர் வந்தபின் ருசி மாறிவிட்டதாக வாடிக்கையாளர்கள் சொன்னார்கள்; சரக்குச் செலவும் கூடியிருந்தது. மசாலாப் பொடி சேராத சமையல் அது: சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை. இத்தனை ஆண்டுகளாக அளவு முழுவதும் பேரனின் ஆத்தா, அதாவது பாட்டியின் கையில்தான் இருந்தது. தட்டுக்கு விலை போடுவதற்காகக் கடைத் தராசை எடுத்துவரச் சொல்லி, ஒரு கிலோ கறிக்கு எவ்வளவு மிளகாய் போடுவீர்கள் என்று கேட்டேன். ஆத்தா பதில் சொல்லாமல் அள்ளித் தட்டில் வைத்தார். மூன்று முறை அள்ளினார்; இரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மகள், பேரனின் அத்தை, எழுதிக்கொண்டார்.

பேரனின் தந்தை தன் பங்கை விட்டுக்கொடுக்க, ஆத்தாவும் அத்தையும் பேரனும் பங்குதாரர்களாகப் பத்திரம் எழுதினோம். கடைப்பெயரை உணவகங்களுக்கான 43ஆம் வகுப்பில் வணிகச் சின்னமாகப் பதிய, நிறுவனத்தின் பெயரிலேயே விண்ணப்பித்தோம். அளவுச் சீட்டும் பத்திரத்தின் இணைப்பாகச் சேர்ந்தது; அதில் முதல் கையெழுத்து ஆத்தாவுடையது.