தாயம் விழும் முன்னே

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மின்னஞ்சலில் கேட்டிருந்தான்: "சார், நான் ரம்மி ஆடினதே இல்ல. மேட்ச் பாக்கும்போது நடுவுல வர்ற விளம்பரத்தைத்தான் பாத்திருக்கேன். அதுக்கே அப்பா டிவிய மியூட் பண்ணிடுவார். ஆடினாத்தானே பழக்கம் வரும்? சும்மா பாத்தா என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. பெரியவர்களிடம் கேட்டாலும் பாதிப் பேர் பையன் பக்கம்தான் நிற்பார்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை வந்தது. கடையில் தொங்கிய சீட்டு போய், சில ஆண்டுகளில் சூது செல்போனுக்குள் வந்து உட்கார்ந்தது. 2020-இல் ஐபிஎல் தொடரின் பெயருக்கு முன்னாலேயே, பணம் கட்டி கிரிக்கெட் அணி அமைத்து ஆடும் செயலியான ட்ரீம்11 ஒட்டிக்கொண்டது. 2022 அக்டோபரில் நம் சட்டப்பேரவை ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்ய மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு அதன் பிறகும் நீண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அவற்றுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டக் கதை இவ்வளவு போதும். பையன் கேட்டது மூளையைப் பற்றி.

நடு மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் உண்டு. டோபமைன் என்றதும் "இன்ப ரசாயனம்" என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளிடம் என்ன கண்டார் என்று பார்ப்போம். மயிரிழை போன்ற மின்முனையை ஒரே ஒரு நரம்பணுவின் பக்கத்தில் வைத்து, அதன் துடிப்பை எண்ணினார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்த அணு படபடவென்று துடிக்கும். சரி, இன்பம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கை எரியவிட்டார். சில நாள் பழகிய பிறகு துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது! சாறு விழும்போது அணு சும்மா இருந்தது. சாறு அதே சாறுதான், நாக்கும் அதே நாக்குதான். விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் ஏமாற்றினால், சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் அணு துடிப்பதையே நிறுத்தியது. ஆக, அது எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கெழுதும் கணக்குப்பிள்ளை.

எனக்கு மிகவும் பிடித்தது 2003-இல் ஃபியோரில்லோ, டோப்ளர் என்ற இருவருடன் சேர்ந்து ஷுல்ட்ஸ் செய்தது. இந்த முறை திரையில் வெவ்வேறு படங்கள். ஒரு படம் வந்தால் சாறு நிச்சயம். இன்னொன்று வந்தால் நிச்சயம் கிடையாது. வேறொன்று வந்தால் பாதிக்குப் பாதி. படம் தெரிந்து முடிவு தெரிய சுமார் 2 நொடி. நிச்சயம் என்றால் அந்த 2 நொடியும் அமைதி. கிடையாது என்றாலும் அமைதி. பாதிக்குப் பாதி என்றால் மட்டும், துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய் முடிவு தெரியும் கணத்தில் உச்சத்தைத் தொட்டது. இந்த ஏற்றத்துக்கு என்ன பொருள் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பல முறை அளந்ததைச் சராசரி எடுத்ததால் வந்த தோற்றம் என்று சொல்வோரும் உண்டு. எனக்கென்னவோ, தாயம் ஆடிய எவருக்கும் அந்த 2 நொடியைத் தெரியும் என்றே படுகிறது.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். மொத்தம் 16 விதமாக விழலாம். எங்கள் வீட்டு விதிப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால்தான் 12. எண்ணிப் பாருங்கள்: 1-க்கு 2 வழி, 5-க்கு 2, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. 16-இல் 6. பாதிக்குக் கொஞ்சம் கீழே! இந்த விதியை வைத்தவர்களுக்கு மின்முனையும் தெரியாது, டோபமைனும் தெரியாது. கட்டை உள்ளங்கையில் உரசி, தரையில் கிளிங் என்று விழுந்து உருளும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். சீட்டு விசிறிபோல் விரிகிறது, காசு கொட்டும் சத்தம், இரண்டு வரிப் பாட்டு. இவைதான் விளக்கு. சாறு யாருக்குக் கிடைக்கிறது? திரையில் இருப்பவருக்கு. பையனின் வாதமே அதுதான்: "எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே." இங்கேதான் 2009-இல் டீன் மாப்ஸ் குழுவினர் செய்த ஆய்வு உதவுகிறது. சீட்டை ஊகித்துப் பணம் ஜெயிக்கும் போட்டியாளர்களைச் சிலர் ஸ்கேனருக்குள் படுத்தபடி வேடிக்கை பார்த்தார்கள். பிடித்துப்போன போட்டியாளர் ஜெயித்தபோது, பார்த்துக்கொண்டிருந்தவரின் மூளையில் பரிசுக்கான பகுதி விழித்தது. அவர் தன்னைப் போன்றவர் என்ற எண்ணத்துக்கும் அதில் பங்கு இருந்தது. நடிகர், கிரிக்கெட் வீரர் போக, ரம்மி விளம்பரங்களில் லுங்கி கட்டிய அண்ணன் ஒருவர் "நான் இவ்வளவு ஜெயிச்சேன்" என்று நம் பேச்சிலேயே சொன்னாரே, அது செலவை மிச்சம் பிடிக்க மட்டும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பதின்ம வயதில் இது ஏன் கூடுதலாகப் பிடிக்கிறது? பரிசுக்குத் துள்ளும் பகுதி அந்த வயதில் முழுச் சுறுசுறுப்பில் இருக்கும்; பொறு, யோசி என்று இழுத்துப்பிடிக்கும் நெற்றிப் பகுதி முற்ற இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். இது பலருக்கும் தெரிந்ததுதான். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகிறது என்பதை 2005-இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் கணினியில் கார் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். தனியாக ஓட்டும்போது பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூட நண்பர்கள் நின்று பார்த்ததும் பிள்ளைகள் எடுத்த ஆபத்து எகிறியது, பெரியவர்கள் மாறவில்லை. இந்த விளம்பரங்களில் சோபாவில் மூன்று நண்பர்கள் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்று இனி யோசித்துக்கொள்ளுங்கள்.

"எச்சரிக்கைதான் போட்டார்களே" என்பார்கள். ஆஸ்கி என்ற விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 டிசம்பர் 15 முதல் விதி வைத்தது. அச்சு விளம்பரத்தில் 20 சதவீத இடம் எச்சரிக்கைக்கு. ஒலி, ஒளி விளம்பரமானால் இயல்பான வேகத்தில், கடைசியில் சொல்ல வேண்டும். நான் கேட்டவற்றில் பல, திருப்பதி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் வேகத்தில்தான் இருந்தன. அதைவிட எனக்கு உறுத்துவது "கடைசியில்" என்ற சொல். தினமும் மணி அடித்துச் சோறு வைத்தால் நாய்க்கு மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும். சோறு வைத்துவிட்டு மணி அடித்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது. பரிசுக்கு முன்னால் வருவதைத்தான் அந்தக் கணக்குப்பிள்ளை குறித்துக்கொள்கிறான். காசு கொட்டி முடிந்த பிறகு வருவதை அவன் ஏன் எழுதப் போகிறான்?

ஒரு ஆதங்கம். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவிலும் அக்கம்பக்கத்திலும் நடந்தவை. பிரிட்டன் 2025 ஏப்ரல் முதல் சூதாட்ட நிறுவனங்களிடம் கட்டாயத் தீர்வை வாங்கி, அதில் 20 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறது. நாம் 2023 அக்டோபரில் கட்டும் பணம் முழுவதுக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி போட்டோம். அதில் நூற்றுக்கு ஒரு ரூபாயையாவது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களுக்கு, நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே இதை ஆராயக் கொடுத்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். காலையில் ராசி எண் சொல்லும் டிவிக்காரர்களுக்குக் கிடைக்கும் விளம்பரக் காசு கூட இந்த ஆய்வுக்குத் தேவைப்படாது.

தம்பி, சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா என்று பாட்டியிடம் கேள். காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும். நாலு பேரை ஆடவிட்டு, உருட்டுகிறவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா வேடிக்கை பார்ப்பவரைக் கவனி. கட்டை உருண்டு நிற்பதற்கு முன், அந்த 2 நொடியில், அவர் முகத்தைப் பார்.