“சிலிண்டர் புக் பண்ணியாச்சா?”

இந்த ஒரு கேள்வியில் தொடங்கிய சண்டை மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் நீண்டதால்தான் அந்தத் தம்பதி மனநல ஆலோசகரான என்னைப் பார்க்க வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் வங்கி ஊழியர், மனைவி பள்ளி ஆசிரியை. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள், ஒரு மகள்.

காலையில் மனைவி கேட்டது: “என்னங்க, சிலிண்டர் புக் பண்ணியாச்சா?” கணவர் சொன்னது: “எல்லாத்தையும் நான்தான் ஞாபகம் வெச்சுக்கணுமா? நிம்மதியா ஒரு காபி குடிக்க முடியுதா இந்த வீட்ல?” “ஒரு வார்த்தை கேட்டது தப்பா?” என்றார் மனைவி. அதற்குப் பிறகு சிலிண்டரை இருவருமே மறந்துவிட்டார்கள். வளைகாப்பில் யார் யாரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது வரை பேச்சு போய்விட்டது.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் எடுப்பது ஒரு வெள்ளைத்தாள். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வட்டங்கள் போடுவேன். பக்கத்தில் இன்னொரு மூன்று வட்டங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று அவருக்கு. மேல் வட்டம் பெற்றோர், நடுவில் உள்ளது வளர்ந்தவர், கீழே குழந்தை. இந்த முறையை உரையாடல் பரிமாற்றப் பகுப்பாய்வு என்று பாடப்புத்தகத் தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் டிரான்சாக்சனல் அனாலிசிஸ்; எங்கள் துறையில் எல்லோரும் சுருக்கமாக டி.ஏ. என்றுதான் சொல்கிறோம்.

கனடாவின் மான்ட்ரியலில் 1910-ல் பிறந்து, அமெரிக்காவில் மனநல மருத்துவராக இருந்த எரிக் பெர்ன் 1950-களில் உருவாக்கிய முறை இது. ஃபிராய்டு தொடங்கிய ஆழ்மனச் சிகிச்சை முறையான உளப்பகுப்பாய்வில் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர். 1956-ல் அந்தத் துறையின் சான் பிரான்சிஸ்கோ நிறுவனம் அவருடைய உறுப்பினர் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. அதன்பின் தன் வழியில் போனார். சிகிச்சைக்கு வருபவருக்கே புரியும் சொற்களில்தான் எல்லாவற்றையும் பேச வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். நோயாளியைப் பற்றி மருத்துவக் குழு கலந்து பேசும்போதுகூட நோயாளி அங்கே உட்கார்ந்து கேட்கலாம் என்றவர். நான் இந்த முறையை விரும்பிக் கற்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அவரிடம் வந்த ஒரு வழக்கறிஞர் ஒருநாள், “நான் உண்மையில் வக்கீல் இல்லை, ஒரு சின்னப் பையன்தான்” என்றாராம். வெளியே திறமையாக வழக்காடுகிற அதே மனிதருக்குள் ஒரு சிறுவனும் இருக்கிறான். சில நேரம் அவன் கைக்குப் பேச்சு போய்விடுகிறது. பெர்ன் இதை ஒரு உவமையாக விட்டுவிடவில்லை. உள்ளே இருக்கும் இந்த நிலைகளைத்தான் ஈகோ நிலைகள் என்று அழைத்தார். தமிழில் ‘ஈகோ’ என்றாலே திமிர் என்று அர்த்தமாகிவிட்டதால், “எனக்கு ஈகோவெல்லாம் கிடையாது மேடம்” என்று பலர் உடனே மறுப்பார்கள். அதனால் நான் அந்தச் சொல்லைத் தவிர்த்து, உள்ளே இருக்கும் மூன்று குரல்கள் என்றே சொல்கிறேன்.

பெற்றோர் குரல், நம்மை வளர்த்தவர்களிடமிருந்து அப்படியே பதிந்துபோனது. “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்பதும் அதுதான், “சாப்பிட்டியா கண்ணு?” என்பதும் அதுதான். கண்டிப்பும் அரவணைப்பும் ஒரே வட்டத்தில் இருக்கின்றன. குழந்தைக் குரல், சிறு வயதில் நாம் உணர்ந்ததை இன்றும் உணர்வது: பயம், அடம், குதூகலம், யாராவது முகம் சுளித்தால் உடனே அடங்கிப்போவது. நடுவில் இருக்கும் வளர்ந்தவர், இந்த நொடியில் கண்முன் இருப்பதைப் பார்த்துப் பேசுபவர். இதை உணர்ச்சியே இல்லாத இயந்திரமாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மற்ற இரண்டு குரலையும் கேட்டுவிட்டு, இப்போது எது தேவை என்று முடிவு செய்யத் தெரிந்தவர் அவர்.

தாளில் அம்பு வரைந்தேன். மனைவியின் கேள்வி நடு வட்டத்திலிருந்து கிளம்பிக் கணவரின் நடு வட்டத்துக்குப் போனது. தகவல் கேட்டார், அவ்வளவுதான். பதிலோ கணவரின் கீழ் வட்டத்திலிருந்து மனைவியின் மேல் வட்டத்துக்குப் பாய்ந்தது. கேள்வி கேட்டவர் மனைவி. கணவர் காதில் விழுந்ததோ தன் அப்பாவின் விசாரணை. இரண்டு அம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும்போது பேச்சு அந்த இடத்திலேயே அறுந்துபோகும் என்பது பெர்ன் சொன்ன அடிப்படை விதி. நம் வீடுகளில் அறுந்ததோடு நிற்காமல் வேறு திசையில் பற்றிக்கொள்கிறது.

இப்போது பேசியது எந்தக் குரல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் உடம்பைப் பாருங்கள்: சுட்டுவிரல் நீண்டதா, தோள் ஒடுங்கியதா, குரல் கீச்சிட்டதா? அடுத்து எதிரில் இருப்பவரைப் பாருங்கள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டால், நீங்கள் அதட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு, இதே வார்த்தையைச் சிறு வயதில் யார் சொல்லிக் கேட்டீர்கள்? கடைசியாக, அந்தப் பழைய நாள் இப்போது மறுபடி நெஞ்சில் நடக்கிறதா? இந்த நான்கையும் வைத்து ஒரு வாரம், நாளுக்கு ஒரே ஒரு உரையாடலை நோட்டில் எழுதிவரச் சொல்வேன். பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்தான் கண் கலங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். இதைக் கற்ற மறுநாளே, “நீ இப்போ குழந்தை மாதிரி பேசுற, எங்க மேடம் சொல்லிட்டாங்க” என்று வீட்டில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்கிறபோதே நீங்கள் மேல் வட்டத்துக்கு ஏறிவிட்டீர்கள். அம்பை உங்கள் வட்டங்களில் மட்டும் வரையுங்கள். அடுத்தவருடைய வட்டத்தை அவரே வரையட்டும்.

டி.ஏ.வில் நம் வீடுகளுக்கு அதிகம் தேவைப்படுவது எது என்று கேட்டால், தட்டிக்கொடுத்தல் என்பேன். ஒருவர் இருப்பதை இன்னொருவர் கவனித்தேன் என்று காட்டும் எந்தச் செயலும் இதில் அடங்கும்: ஒரு தலையசைப்பு, ஒரு பாராட்டு, ஏன், ஒரு திட்டுகூட. நல்லது கிடைக்காவிட்டால் மனிதர்கள் திட்டையாவது வாங்கிக்கொள்வார்கள், கண்டுகொள்ளாமல் விடுவதைத்தான் தாங்கமாட்டார்கள். தட்டிக்கொடுக்காதே, வேண்டும் என்று கேட்காதே, கொடுத்தால் வாங்காதே, வேண்டாததை மறுக்காதே, உன்னை நீயே தட்டிக்கொடுத்துக்கொள்ளாதே: இந்த ஐந்து எழுதாத சட்டங்களோடுதான் குழந்தைகள் வளர்க்கப்படுகிறார்கள் என்று பெர்னின் மாணவர் கிளாட் ஸ்டைனர் 1971-ல் எழுதினார். கலிஃபோர்னியாவில் இருந்து எழுதியது நம் கூடத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கும். பாராட்டினால் கண் பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும் என்கிறோம். அந்த வங்கி ஊழியர் மகள் வரைந்த கோலத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் போனில் காட்டியிருக்கிறார். மகளிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் வட்டம் வரைவது தீர்வாகாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

அந்தத் தம்பதி ஆறு முறை வந்தார்கள். ஐந்தாவது முறை, கணவர் தானாகவே மனைவியிடம் திரும்பி, “சிலிண்டர்னு கேக்கும்போது உன் முகமே மாறிடுது. ஏம்மா?” என்று கேட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது, மாதக் கடைசியில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோய், அவருடைய அம்மா கையில் பாட்டிலோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். கதவைத் திறந்தவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு இவரும் அங்கே நின்றிருக்கிறார்.

பதினோரு ஆண்டுகளில் அவர் கணவருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. நடு வட்டத்திலிருந்து கிளம்பியதாக முதல் நாள் நான் வரைந்த அம்பு தவறு. கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து, அதை அடித்துவிட்டு, கீழ் வட்டத்திலிருந்து மறுபடி வரைந்தேன்.